வெறும் வயிறு

பாடாங் செராயில் மத்தியானம் இரண்டு மணி.
தார் ரோட்டில் நாய்கூடக் கால் வைக்காது.
நான் காற்றாடியை நிறுத்திவிட்டு
கம்பளிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தேன்.

கர்ப்பப்பை எடுத்து ஏழு மாதம்.
"எடுத்தா அப்படித்தான்" என்றாள் அடுத்த வீட்டு அன்னபாக்கியம்,
தனக்கு எடுக்காதவள்.
"அப்படித்தான்" என்றார் மருந்துக் கடைக்காரர்.
"அப்படித்தானாம்" என்று என் வீட்டுக்காரர்
பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனார்,
வியர்வை தாளாமல்.

எது நடந்தாலும் அதன் கணக்கில் எழுதினோம்.
சீப்பு நிறைய முடி, அது இல்லாததால்.
தாலிச் சங்கிலி கழுத்தைப் பிடித்தது, அது இல்லாததால்.
கையுறைத் தொழிற்சாலையில்
பார்க்காமலே நூறு எண்ணி அடுக்கும் கை
நாற்பதில் நின்று யோசித்தது.
பங்களாதேஷ் பையன் ஒருவன்
என் பெட்டியையும் சேர்த்து அடைத்தான்,
ஒரு வார்த்தை கேட்காமல்.
போன பிறகு அது
இவ்வளவு வேலை செய்யும் என்று
இருந்தபோது எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு ஜொகூரிலிருந்து மகன் கூப்பிட்டான்.
"சாப்பிட்டியாய்யா?" என்றேன்.
"அப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்றான்.
போனைக் கையில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்,
யாரிடம் கொடுப்பது என்று.

அப்புறம்தான் கிளினிக்.
நம்பர் ஆயிரத்து நாற்பத்தேழு.
டாக்டர் சின்னப் பெண். வழக்கம்போல்
தையலைப் பார்ப்பாள் என்று
சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தேன்.
எழுந்து உட்காரச் சொல்லி
பின்னால் வந்து நின்று
இரண்டு கையாலும் என் தொண்டையைத் தொட்டாள்.
தண்ணீர் கொடுத்து, விழுங்கச் சொன்னாள்.
அவள் விரலுக்கடியில்
ஏதோ ஏறி இறங்கியது.
நாற்பத்தெட்டு வருஷமாய் அங்கே ஒன்று இருந்ததை
எனக்கு யாரும் சொன்னதில்லை.

ரத்தம் எடுத்தார்கள். எண் வந்தது.
நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது
எனக்கு அறுபத்தொன்று.
பள்ளிக்கூடத்தில்கூட நான் அவ்வளவு வாங்கியதில்லை.

"தைராய்டு."
"ஆப்பரேஷனாலா?"
பேனாவைத் திறந்தாள், மூடினாள்.
"உறுதியாச் சொல்ல முடியாது.
அதுக்கு முன்னாலேயே இருந்திருக்கலாம்.
இது குறைஞ்சாலும் ரத்தம் நிறையப் போகும், அம்மா.
அப்போ யாராவது இதைப் பார்த்தாங்களா?"

பார்க்கவில்லை.
கட்டி இருந்தது, அதுவும் உண்மை.
சுங்கை பட்டாணியில் படம் பிடித்துக் காட்டினார்கள்,
ஒரு ஆரஞ்சு அளவு.
ஆனால் பஸ் சீட்டில்
பிளாஸ்டிக் பை விரித்து உட்கார்ந்த அந்த இரண்டு வருஷம்
எதனால் எவ்வளவு என்று
இனி யாரைக் கேட்பது?
கேட்டிருக்க வேண்டியது
ஆஸ்பத்திரி வாளியில் போய்விட்டது.

மருந்து ஜன்னலில் மிஸ்ஸி நோராய்னி
உறையின் மேல் இரண்டு கோடு இழுத்தாள்.
"பெருட் கோசோங், யா அக்கா.
அரை மணி நேரம் கோப்பி கூடாது."
வெறும் வயிறு.
அது எனக்கு நன்றாகத் தெரியும் மிஸ்ஸி என்று
சிரித்துவிட்டேன்,
குலை ஏற்றிய லாரி மேடு ஏறுவதுபோல் கரகரவென்று.
அவளுக்கு ஏன் என்று புரியவில்லை.
நானும் சொல்லவில்லை.

காலை நாலரை. மாத்திரை இறங்கிவிட்டது.
கோப்பி மூடியபடி ஆறுகிறது.
செம்பனை ஆலையின் வாடை ஜன்னலில்.
யாரும் எதுவும் கேட்காத அரை மணி நேரம்,
அதில் பாதியைத் தூங்கித் தொலைக்கிறேன்.

மூன்று மாதமாயிற்று.
முடி இன்னும் கொட்டுகிறது.
சங்கிலி இன்னும் இறுக்கம்தான்.
நேற்று ராத்திரி மட்டும் எழுந்து போய்
காற்றாடியை ஒன்றில் வைத்தேன்.
ஹாலில் அவர் விழித்திருந்திருக்கிறார்.
"வெளிய மழையா?"
"இல்ல. எனக்குப் புழுங்குது."